பஸ் ஓட்டுகிறவள் வீட்டு அடுப்பு

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்பே டிப்போவில் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்தால், மத்தியானம் தாண்டித்தான் இறங்குவாள். இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போக மாட்டாள். காய்கறிச் சந்தையில் தார்ப்பாயைச் சுருட்டுகிற நேரம் அது. அடிபட்ட தக்காளி, பூச்சி அரித்த கீரை, யாரும் தொடாத முட்டைகோஸின் வெளி இலைகள் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். கெட்டதை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் நல்லதுதானே என்பாள். வார விடுமுறையன்று பெரிய பாத்திரங்களை ஏற்றி, வாரத்துக்கான பருப்பும் காயும் சமைத்து, டப்பாக்களில் அடைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுவாள்.

"அக்கா வீட்டுல குப்பைத்தொட்டி பட்டினி கிடக்கு," என்று கண்டக்டர் கிண்டல் செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் கணவன் பெயிண்டர். ஏணியில் ஏறி நாள் முழுக்கச் சுவர் தேய்க்கிற ஆளுக்குப் பசி எப்படி இருக்கும்? டப்பாவை வழித்துச் சாப்பிடுவான். அவள் சமைக்கும்போது பின்னால் வந்து நின்று, கொதிக்கிற பாத்திரத்தில் கரண்டி விடுவான். அவள் அவன் கையில் தட்டுவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. பேச்சும் சத்தமும் அந்த அடுப்பைச் சுற்றித்தான்.

பிறகு அவன் சாப்பாட்டை மிச்சம் வைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

"பழசுன்னு ஒதுக்குறீங்களா? வேலைக்கும் போயிட்டு தினம் புதுசா ஆக்க எனக்கு எத்தனை கை இருக்கு?"

"யார் ஒதுக்கினது? தொண்டை கொஞ்சம் கரகரங்குது, அவ்வளவுதான்," என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வர மிச்சத்தையும் விழுங்கினான். அந்த வேளையை அவள் பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு அவனால் எதையும் விழுங்க முடியாது என்றார்கள். வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியே கஞ்சி மாதிரி கரைத்த மாவை ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். குரலும் போய், காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்புதான் மிஞ்சியது. அவள் டியூட்டிக்குப் போகிற நேரத்தில் அவன் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறவள், கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிறவள், ஆனால் அண்ணன் என்றால் உயிர்.

வீட்டில் சமையல் நின்றது. யாரும் சொல்லி நிற்கவில்லை. அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் படுத்திருக்கும்போது எப்படி வெங்காயம் வதக்குவது? அவள் டிப்போவிலேயே ரொட்டியை வாங்கி, நின்றபடி தின்று, வாயைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெளியே வாங்கித் தின்னாத பெண் அவள். சந்தைப் பக்கமே போகவில்லை. தங்கையும் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டே வந்தாள்.

ஒருநாள் அவன் மனைவியைக் கிட்டே கூப்பிட்டான்.

"அடுப்பு ஏன் தூங்குது?"

"எனக்குப் பசியில்ல. அங்கேயே ஏதாவது சாப்பிட்டுக்கிறேன்."

"வீடு முழுக்க ஆஸ்பத்திரி நாத்தம். என்னால முழுங்கத்தான் முடியாது. மூக்கு நல்லாத்தான் இருக்கு."

அவள் மறுநாள் சந்தைக்குப் போனாள். பையைத் தன் மடியில் வைக்கச் சொன்னான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஒரு கத்தரிக்காயை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சமையலறை வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தான். எண்ணெய் காய்ந்து, வெங்காயமும் பூண்டும் சிவக்கிற வாசம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"இங்கேயே உக்காந்து சாப்பிடு," என்றான்.

"என்னால முடியாதுங்க."

"எனக்காக."

அவன் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு அவள் தின்றாள். ஒவ்வொரு வாயும் திருடித் தின்பது மாதிரி இருந்தது. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விழுங்கும்போது அவன் தொண்டையும் அசைந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

தங்கை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, அண்ணன் முன்னாடி உக்காந்து சாப்பிட உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். அவன் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினான்.

"நான்தான் சொன்னேன். நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வா."

தங்கை பின்கட்டுக்குப் போய் அழுதாள். ஆனால் மறுநாள் சாப்பிடாமல் வந்தாள். மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் சாப்பிட்டார்கள். அவன் சின்ன வயதில் தங்கையின் தட்டிலிருந்து கறித்துண்டு திருடிய கதையை ஊமை ஜாடையில் நடித்துக் காட்டினான். தங்கைக்குப் புரையேறிவிட்டது.

அந்த மாதிரி நாட்கள் கொஞ்சம்தான் கிடைத்தன. கட்டி வேறு இடத்துக்கும் பரவியிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் பூண்டு வதக்கிக்கொண்டிருக்கையில் கட்டிலிலிருந்து அவன் கையை அசைத்தான். போய்க் குனிந்தாள்.

"கதவைச் சாத்திடு," என்றான். "குமட்டுது. தப்பா நினைச்சுக்காத."

அவள் கதவைச் சாத்தவில்லை. அடுப்பையே அணைத்தாள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பால் விசிறி வாசத்தை விரட்டினாள். அவனுக்கு இந்த வாசமும் போய்விட்டதா என்று மட்டும் அப்போது நினைத்தாள்.

அவன் உயிர் போனபோது அவள் வண்டியில் இருந்தாள். டிக்கெட் செக்கர் ஒரு நிறுத்தத்தில் கை காட்டி ஏறி, அவள் காதருகே சொன்னார். அவள் வண்டியை ஓரமாக்கி, எல்லாரும் இறங்குகிறவரை காத்திருந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பியபோது மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளிச்சம் சாய்கிற நேரத்தில் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. பஸ் சத்தமும் ஜனக்கூட்டமும் தேவலை. சந்தையில் கடை கட்டுகிற வேளையில் இப்போது அவள் பாலத்தின் மேல் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பாள். அதனால் காய் வாங்குவது தங்கை என்று ஆனது. இருவருக்கும் ஒரே அடுப்பு. தங்கை காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், பளபளவென்று இருப்பதையெல்லாம் சொன்ன விலைக்கு வாங்கி வருவாள்.

"நல்லா இருக்கா அண்ணி?" என்று பையை விரித்துக் காட்டுவாள்.

"நல்லா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு, வெட்டி எறிய ஒன்றும் இல்லாத அந்தக் காய்களை நறுக்க அவள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.