தலாத்துவின் கொதிக்காத ஜோபோ

தலாத்து கோபத்தில் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. விளையாட்டுக்குத் திட்டுவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் எங்கள் ஊரான இந்த ஜாரியாவிலேயே பிறந்தவள். அவள் வீட்டுக்கு எதிரே குழிச்சட்டியில் அரிசிமாவு ஊற்றி மாசா சுட்டு விற்கும் லராய், கானோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வயதில் இளையவள். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது பழைய வழக்கம். இருவரும் அந்த உரிமையைப் பொழுது விடிந்ததுமே எடுத்துக்கொள்வார்கள்.

“ஏ கானோக்காரி, நேத்து மிஞ்சின மாவைத்தானே இன்னிக்குச் சுடுறே? காசு வரும்னா கல்லைக்கூட அரைச்சு ஊத்துவே நீ.”

“ஊத்துவேன். அதையும் நீதான் முதல்ல வந்து வாங்கித் தின்னுவே, ஜாரியாச் சோம்பேறி!”

தலாத்துவின் தொழில் ஜோபோ. உலர்ந்த புளிச்சைப் பூவை இஞ்சி, கிராம்பு, அன்னாசித் தோலோடு கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, குளிரவைத்து விற்பாள். கணவன் போன பிறகு இந்தச் சிவப்பு நீரை வைத்தே பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். அபாரமான ஜோபோ என்று சொல்ல மாட்டேன். இஞ்சி எப்போதும் தூக்கலாக இருக்கும். ஆனால் அதைக் குடித்து யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் பித்ருஸ் தன் சோதனைகளுக்கு அவளிடம்தான் பூ வாங்குவான். ஒருநாள் அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினான்.

“தட்டு முழுக்கக் கிருமி முளைச்சிருக்கு பாருங்கம்மா. உங்க பூச்சாறுல நனைச்ச காகிதத்தைச் சுத்தி மட்டும் ஒண்ணுமே இல்ல. கிட்ட வரவே பயப்படுது.”

பிறகு ஊதா நிறத் திரவம் ஒன்றில் அந்தச் சாற்றைச் சொட்டினான். ஊதா வெளுத்து மஞ்சளானது. உடம்பு உள்ளே துருப்பிடிக்காமல் பூவில் உள்ள இந்தச் சத்து காக்கும் என்று சொல்கிறார்கள் என்றான். சூடு ஏற ஏற அந்தச் சத்து கொஞ்சம் குறைந்துவிடும் என்றும் சொன்னான். ஒரு கூடைப் பூவை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வற்றவைத்து, கரண்டியளவாகச் சுருக்கிய சாறு அது. அதையும் சொன்னதாக அவன் சொல்கிறான். அவளோ கேட்ட நினைவே இல்லை என்கிறாள். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பெருமை பொங்கும்போது காது பாதி வேலைதான் செய்யும்.

மறுநாளிலிருந்து அவள் ஜோபோவைக் கொதிக்கவைப்பதை நிறுத்தினாள். கிணற்று நீரில் இரவெல்லாம் ஊறப்போட்டாள். நிறம் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது.

“அடுப்பு பத்தவைக்கச் சோம்பல்பட்டுட்டு அதுக்கு ஆய்வகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுறியா?” என்றாள் லராய்.

“கிருமியே என் பூவைக் கண்டா ஓடுது. உனக்கெங்க புரியப் போகுது!”

தையல்காரர் யூனுசா வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மாசா லராயுடையது, ஜோபோ தலாத்துவுடையது. கோப்பைகளை நீட்டிக்கொண்டே தலாத்து உரக்கச் சொன்னாள்: “பாத்துத் தின்னுங்க, கானோக்காரி மாவு ஊசிப்போனது. வயித்தைக் கலக்கினா என் ஜோபோ இருக்கு, கிருமியைக் கொல்லும்.” எல்லோரும் சிரித்தார்கள். லராய்தான் அதிகமாகச் சிரித்தாள்.

அன்று மாலைக்குள் பாதித் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது. பிள்ளை பெற்றவளைத்தான் அது மிகவும் படுத்தியது. மருத்துவமனையில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விருந்தில் கேட்ட கேலி எல்லோருக்கும் நினைவு வந்தது. இப்போது யாரும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. லராயின் அடுப்பைச் சுற்றி ஆளில்லாமல் போயிற்று.

லராய் தெருவைத் தாண்டி வந்தாள். “அது விளையாட்டுன்னு நாலு பேர்கிட்டச் சொல்லேன். அன்னிக்குக் காலையிலதான் மாவு அரைச்சேன். நீயே பார்த்தேல்ல?”

பார்த்திருந்தாள். என்றாலும் தலாத்து, “வெயில் காலம். எப்பப் புளிச்சுதோ யாரு கண்டா?” என்றாள். தன் பூவின் மேல் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. லராய் திரும்பிப் போனாள்.

பித்ருஸ் விருந்துக்கு வரவில்லை. பழக்கத்தால் அவனுக்கு அதே ஜோபோவில் ஒரு பாட்டில் அனுப்பியிருந்தாள் தலாத்து. அவள் பூப் பணம் வாங்கப் போனபோது அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

“உங்களுக்குமா? மாசா யாரு கொண்டுவந்து குடுத்தா?”

“நான் மாசாவைக் கண்ணாலகூடப் பார்க்கலம்மா. உங்க ஜோபோ மட்டும்தான் குடிச்சேன். மிச்சத்தைத் தட்டுல போட்டுப் பார்த்தேன்.” அவன் தயங்கித் தயங்கி அந்தத் தட்டை எடுத்துக் காட்டினான். விளிம்பு வரை கிருமி முளைத்திருந்தது. வெற்றிடம் எங்கும் இல்லை.

“கொல்லும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது கெட்டியான சாறும்மா. இதுல பாதி கிணத்துத் தண்ணி, மீதி சர்க்கரை. கொதிக்க வைக்கலியா?”

முதல் தட்டும் பொய் சொல்லவில்லை, இரண்டாவதும் சொல்லவில்லை. பொய், அவள் லராயிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. வீடு திரும்பும் வழியில் லராய் தெருவில் நின்றிருந்ததால், சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்தாள்.

மறுநாள் காலை குழாயடியில் கூட்டம் இருந்தது. லராயும் வாளியோடு தள்ளி நின்றாள். தலாத்து குரலை உயர்த்தினாள்.

“எல்லாரும் கேளுங்க. உங்க வயித்தைக் கெடுத்தது என் ஜோபோ. கானோக்காரி மாசா இல்ல.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “பாவம், கேலி ஆட்டத்துக்கு ஆள் குறைஞ்சுபோச்சுன்னு இவளே தன்னைத் திட்டிக்கிறா!” என்றாள் ஒருத்தி.

“விளையாட்டுக்குச் சொல்லலடி!”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இத்தனை வருஷம் எதைச் சொன்னாலும் சிரிக்கப் பழக்கியவள் அவள்தான். லராய் மட்டும் சிரிக்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலாத்து நடந்து போய் அவள் முன்னால், சேற்றில், மண்டியிட்டாள். இங்கே இளையவர்கள்தான் மூத்தவர்களுக்கு மண்டியிடுவார்கள். சிரிப்பு நின்றது. குழாய்த் தண்ணீர் யாருடைய குடத்திலோ நிரம்பி வழிந்தது.

“நான் கொதிக்க வைக்கல. உன் மாவு புதுசுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன்.”

லராய் பதறி அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். “எழுந்திருங்கக்கா. எல்லாரும் பார்க்கிறாங்க. எழுந்திருங்க.”

அந்த வாரமே மாசா அடுப்பைச் சுற்றி ஆட்கள் திரும்பினார்கள். தலாத்துவிடம் வாங்குபவர்கள் வெகுநாள் கழித்துத்தான் வந்தார்கள். இப்போது அவள் வாசலிலேயே அடுப்பு வைத்து, போவோர் வருவோர் பார்க்கும்படி கொதிக்கவைக்கிறாள்.

ஒருநாள் அவள் தெருவின் குறுக்கே குரல் கொடுத்துப் பார்த்தாள். “ஏ கானோக்காரி, இன்னிக்காவது புது மாவா?”

லராய் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆமாக்கா, புதுசுதான்,” என்றாள், மரியாதையாக. “உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா?”

தலாத்து தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த பானைக்குக் கீழே இன்னொரு விறகைத் தள்ளினாள்.