இறக்கப்படாத எஞ்சின்

தங்கை ஜெயித்தவை இவை. லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்கடித்த அதிகாரியிடமே நான்காவது முறை தேறினாள். "பொம்பளைக்கு எதுக்கு வண்டி" என்ற புருஷன் வீட்டைவிட்டுக் கட்டிய துணியோடு வெளியேறி, ஏழே வருஷத்தில் ஒரு பழைய பிக்கப்பைச் சொந்தமாக்கினாள். செடிப் பண்ணையின் தொட்டிகளை மேட்டுக் குடியிருப்புகளுக்கு ஏற்றும் வேலையை, நான்கு ஆண் டிரைவர்கள் போட்டியிட்டும், தட்டிப் பறித்தாள். இத்தனையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல். ஐந்தாவது வரை படித்த தையல்காரி அக்கா முகவரிகளைப் படித்துச் சொல்வாள். தங்கைக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

அந்த வாரம் வண்டி மேடேறத் திணறியது. கறுப்புப் புகை, மிதித்தால் 'உஸ்' என்று சீறல். தொட்டிகளை இறக்காமலே பட்டறையில் விட்டார்கள். அங்கே ஒரு வழக்கம்: வண்டியை விடும்போதே வெற்று வேலைச்சீட்டின் அடியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேலே என்ன வேலை என்பதை மேஸ்திரி பிறகு எழுதிக்கொள்வார். தங்கை தயங்கினாள்.

"எல்லாரும் வைக்கிறதுதானடி, வை," என்று அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது அக்காதான்.

மறுநாள் காலை போனபோது பானெட் திறந்து கிடந்தது. ரேகைக்கு மேலே எழுதியிருந்ததை அக்கா படித்தாள்: 'டர்போ மாற்றம். எஞ்சின் இறக்கம்.' எஞ்சினைக் கழற்றி இறக்கினால் வண்டி ஒரு மாதம் பட்டறையில்தான். அதற்குள் பண்ணை வேலை கைமாறிவிடும். வாசலில் மேஸ்திரியின் மச்சானுடைய பிக்கப் கழுவித் துடைத்துத் தயாராக நின்றது.

"டர்போ செத்துப்போச்சும்மா. எஞ்சினைப் பிரிச்சாத்தான் மிச்சம் தெரியும்," என்றார் மேஸ்திரி.

"பிரிக்காமலே செத்தது தெரிஞ்சுதா? ஜோசியமும் பாக்குறீங்களா?" என்றாள் தங்கை.

காத்திருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியின் முகம் கறுத்தது.

"ரேகை வச்சாச்சு, இனி பேச்சில்ல. கைநாட்டுக்கு வாய் மட்டும் காது வரைக்கும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தான் பிடித்து அழுத்திய விரல்.

தங்கை பானெட்டுக்குள் குனிந்தாள். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவிலிருந்து போகும் தடித்த ரப்பர் குழாயின் அடியில் எண்ணெய் ஈரம். இரு கைகளாலும் கசக்கினாள். மடிப்பில் ஒரு கீறல் வாயைப் பிளந்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, பாரம் இழுக்கும்போது காற்றைத் துப்பும் கீறல்.

"அக்கா, சீட்டுக்குப் பின்னால பழைய சைக்கிள் ட்யூப் இருக்கு, எடு."

"என் பட்டறையில என்னைக் கேக்காம கை வைக்கிறியா?"

"என் வண்டியில என்னைக் கேக்காம எழுதுனீங்களே, அதைவிடவா?" ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "எதிர் மேட்டுல ஏத்துறேன். பக்கத்துல உக்காருங்க. புகை வந்தா எஞ்சினை இறக்கிக்கோங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை. ஈரமண் தொட்டிகளோடு வண்டி இரண்டாம் கியரில் மேட்டை ஏறியது. புகையும் இல்லை, சீறலும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பி வண்டியைவிட்டு இறங்கியதும் அவர் உறுமினார்: "ஒட்டு நாலு நாள் தாங்காது."

"தாங்க வேணாம். புதுக் குழாய் போடுங்க. அது மட்டும்."

பழைய சீட்டைக் கிழித்தெறிந்து, இன்னொரு வெற்றுச் சீட்டையும் மைப்பெட்டியையும் அவள் முன் தள்ளினார். "ரேகை வை. குழாயைப் போட்டுட்டு கேட்டைத் திறக்கிறேன். அப்புறம் இந்தப் பக்கமே தலை காட்டாதே."

"சத்தியமா வரமாட்டேன். அக்கா, எழுது. ரப்பர் குழாய் ஒண்ணு மாத்தணும். வேற எதையும் தொடக் கூடாது. மிச்ச இடத்துல கோடு போட்டுடு."

அக்கா எழுதி, துணியில் அளவு குறிப்பதுபோல் நேராகக் கோடிழுத்தாள். தங்கை மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினாள். வண்டிக் கதவில் பெயிண்டர் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்து, பாரம் இறங்கும் நேரமெல்லாம் அவள் மண்ணில் குச்சியால் எழுதிப் பழகியது அந்த நிமிஷம்வரை அக்காவுக்குத் தெரியாது. எழுத்துகள் பெயிண்டர் கையைப் போலவே வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு நிழல்கோட்டோடு வந்தன.

மேஸ்திரி சீட்டை வெடுக்கென்று இழுத்தார். அக்கா அதைத் திரும்பப் பிடுங்கி, கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டாள்: 17 மார்ச் 2011, வியாழக்கிழமை.