எங்கள் சுவரின் ஐந்தாவது பெண்

வார்டில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அடித்தது. "பெயிண்டர் அண்ணன் போயிட்டாருங்க, சிஸ்டர்" என்றார் எங்கள் ஊர்க் கொத்தனார். வேலாயுதம் அண்ணன், வீட்டு முகப்புகளில் படம் எழுதுகிறவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் புது வீடு கட்டிய உங்களில் பலர் அவரோடு ஒருமுறையாவது சண்டை போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன்.

எங்கோ ஒரு பனிமலைக் கிராமத்தில் வீட்டுச் சுவர் முழுக்க ஓவியம் தீட்டியிருந்ததை செல்போனில் காட்டி, "அச்சு அசலா இதே வேணும்" என்றேன். அண்ணன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அவங்க சுவத்துல அவங்க மாடு, அவங்க புல்லுக்கட்டு. நல்லாத்தான் இருக்கு. உங்க சுவத்துல அவங்க மாடு எதுக்கு சிஸ்டர்? உங்க வீட்டுல என்ன வேலை பாத்தாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அம்மா நடவுக் கூலிக்குப் போனவள். தஞ்சாவூரில் என்னோடு வேலை பார்க்கும் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அவர்கள் எல்லோரும் வரப்போகிறார்கள். "சொன்னதை மட்டும் செய்ங்கண்ணே" என்று கத்தினேன்.

"செய்யறேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்டேன். "நடவு எழுதச் சொல்லேன்" என்றாள் அம்மா, அவ்வளவு ஆசையாக. அண்ணனிடம் போய், நடவையே எழுதச் சொன்னேன்.

ஐந்து பெண்கள் குனிந்து நடும் படம். விசேஷத்துக்கு முந்தின நாள் காலையிலேயே முடித்துவிட்டார். அம்மா பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ன தம்பி, நட்ட பயிரையே மிதிச்சுக்கிட்டுப் போறாளுவ?"

நாற்றை முன்னால் ஊன்றிவிட்டுப் பின்னால் நகர்வதுதான் நடவு. அண்ணன் மீன்பிடிக் குடும்பம். படகுக்குப் பெயர் எழுதித் தொழிலுக்கு வந்தவர், வயலில் கால் வைத்ததே இல்லை. நட்ட பயிரையெல்லாம் பெண்களின் முதுகுக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தார். "விடுங்கண்ணே, வர்றவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமே" என்றவர், வெள்ளையைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். "ஒருதரம் நட்டுக் காட்டுங்கம்மா." முட்டிவலிக்கார அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசல் மணலில் அருகம்புல்லை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள். அவர் எதிரே குந்தி உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொருத்தியாக அழித்து எழுதத் தொடங்கினார்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தபோதும் அண்ணன் சாரத்தின் மேல்தான் நின்றார். நான்கு பெண்கள் சரியாகியிருந்தார்கள். முதல் பெண்ணுக்கு அம்மாவின் முகம். "யாரு சிஸ்டர் இது?" என்று கேட்டார் எங்கள் பெரிய டாக்டர். அண்ணனின் பிரஷ் நின்றது.

"எங்கம்மா சார். நடவு ஆளு." சத்தமாகவே சொன்னேன். பிரஷ் மறுபடி ஓடியது.

பந்தி போட வேண்டும் என்று சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். ஐந்தாவது பெண் மட்டும் பயிரை மிதித்தபடியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அவரைத் திட்டுவாள். "இருக்கட்டும்மா, கடலோரத்தான் எழுதுனதுன்னு தெரியட்டுமே. அடுத்த பொங்கலுக்குத் திருப்பிடறேன்" என்று சிரிப்பார்.

நான் வந்து சேதி சொன்னதும் அம்மா அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றாள். "பாவி, அவளைத் திருப்பாமலே போயிட்டானே" என்று அழுதாள்.

வேறு ஆளை வைத்துச் சரிசெய்து தருவதாகக் கொத்தனார் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் அப்படியே நிற்கட்டும். யாராவது கேட்டால், இது எங்கண்ணன் செய்த தப்பு என்று சொல்வேன். சத்தமாகவே சொல்வேன்.