கலோலைனே போட்ட நிழல்

வெலிங்டனில் சினிமா செட்டுக்குப் பின்னால் தொங்கவிடும் வானங்களைத் தீட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. கலோலைனே அங்கே பெயிண்டர். நான் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள். இரண்டு பேரும் டோங்காக்காரர்கள், ஒரே சபை, பாட்டுக் குழுவில் பக்கத்துப் பக்கத்து இடம்.

மேகம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் இருந்தது, அவளுடைய நாத்தனார் பெசலீலி வருகிற வரைக்கும். பெசலீலிக்குப் பட்டறையில் வேலை கேட்டு வாங்கிக் கொடுத்ததே கலோலைனேதான். எங்களில் புருஷனோடு பிறந்தவள் ஒன்று கேட்டால் மறுபேச்சு கிடையாது. கலோலைனே பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைத்ததும் பெசலீலிதான். அதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த முறை, அவளுக்கு வலித்ததில்லை. முதலாளி டெரிக் எதற்கெடுத்தாலும் பெசலீலியைக் கேளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தபோதுதான் வலித்தது. பெசலீலி தீட்டிய அந்திவானத்தின் முன்னால் எல்லோரும் போய் நின்றபோது கலோலைனே சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அப்போது பட்டறைக்கு ஒரு படத்தின் வேலை வந்தது. வேற்றுலகத்து நிலா ஒன்றில் மனிதர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு மேலே வளையம் சூழ்ந்த பெரிய கிரகம். அந்த வானம் யாருக்கு என்பதுதான் பட்டறை முழுக்கப் பேச்சு. இரண்டு பேரும் ஆளுக்கொரு சிறிய மாதிரி தீட்டட்டும், டைரக்டர் பார்த்துச் சொல்வார் என்றார் டெரிக்.

பல்கலைக்கழகத்திலிருந்து வானசாஸ்திரம் படித்த ஓர் அம்மாள் வந்தார். என்னிடம் ஓர் ஆரஞ்சு வாங்கி, அதைச் சுற்றி அட்டையில் வளையம் மாட்டி, மேலே பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தார். வளையத்தின் நிழல் பழத்தின் மேல் கறுப்புப் பட்டையாக விழுந்தது. பழத்தின் நிழல் பின்பக்கம் வளையத்தின் மேல் விழுந்து, அதில் ஒரு துண்டையே காணாமல் ஆக்கியது. ஆண்டவர் உண்டாக்கியது இப்படி இருக்கிறது, சினிமாவில் இரண்டு நிழலையும் விட்டுவிட்டு வளையத்தைச் சுற்றிலும் பளபளவென்று போட்டுவிடுகிறார்களே என்று எனக்கே ஆச்சரியம்.

பெசலீலி அன்று ஆக்லாந்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். வந்ததும் இதைச் சொல்லிவிடு என்றார் டெரிக். சரி என்றாள் கலோலைனே.

சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்படி. சேர்ந்து உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சீவும்போது வாய்வரைக்கும் வந்ததாம், விழுங்கிவிட்டாளாம். சாயங்கால ஜெபத்தில் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டாள். இதை மட்டும் கர்த்தரிடம் எடுத்துப்போகவில்லை.

டைரக்டர் வந்தார். கலோலைனேயின் கிரகத்தில் பட்டை இருந்தது, வளையம் பின்னால் இருளில் அறுந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவரோ சிரித்தார்.

"இதென்ன, வளையம் ஒடிஞ்சு கெடக்கு? பெயிண்ட் தீந்துபோச்சா?"

பெசலீலியின் வளையம் முழுசாக மின்னியது. அதைத்தான் எடுத்துக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்த்து, ஒடிந்த வளையம் வேண்டாம், ஆனால் அந்தக் கறுப்புப் பட்டை கிரகத்தை உருண்டையாகக் காட்டுகிறது, அதை இதில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

டெரிக் பெசலீலி பக்கம் திரும்பினார். "நெழல் விஷயம் உனக்குத் தெரியாதா? அந்தம்மா ஆரஞ்சு வெச்சுக் காட்டினத இவ சொல்லலையா?"

பெசலீலி இரண்டு படத்தையும் பார்த்தாள். அப்புறம் கலோலைனேயைப் பார்த்தாள்.

"அண்ணி சொன்னாங்க. நான்தான் விட்டுட்டேன்."

டெரிக் போன பிறகு கலோலைனே கேட்டாள், "எதுக்குப் பொய் சொன்ன?"

"பின்ன? உங்கள வேலய விட்டுத் தூக்கிட்டா எங்க அண்ணன் மூஞ்சில யாரு முழிக்கிறது?" பெசலீலி தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சாவுக்குப் போனவளுக்கு அந்த ஆரஞ்சுல ஒரு சுளைகூட எடுத்து வெக்கல நீங்க. சரி, அந்தப் பட்டையை நீங்களே போட்டுடுங்க. எனக்கு அந்தக் கை வராது."

நாத்தனார் கேட்டுவிட்டாள், மறுக்க முடியாது. பெரிய திரையில் வானம் தீட்டி முடிந்ததும் ஏணியில் ஏறி கலோலைனே நிழல் போட்டாள், கீழே பெசலீலி பெயிண்ட் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் கலோலைனே சொன்னாள்: "நாலு பேர் முன்னால என்னைத் திட்டியிருந்தா நான் அழுது ஓஞ்சிருப்பேன். நல்லவளா இருக்குறதுலயும் அவதானா முந்தணும்?" ஜெபம் பண்ணு என்றேன். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

படம் வெளியானதும் சபையே கிளம்பிப் போனோம். கிரகம் எழும்பியதும் எங்கள் வரிசை முழுக்கக் கைதட்டியது. எங்கள் பெசலீலியின் வானம் என்று யாரோ பின்னாலிருந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

பெசலீலி எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அந்த நெழல் எங்க அண்ணி போட்டது."

"எந்த நெழல்?" என்று கேட்டார் போதகரின் மனைவி.

எல்லோரும் மறுபடி திரையைப் பார்த்தார்கள். அதற்குள் காட்சி மாறி, யாரோ ஒருவன் விண்கப்பலுக்குள் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.