ஏன்னா என்பது யார்

என் மனைவி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு இருபதுக்குச் சமையலறையில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து குரல் கேட்டது.

"ஏன்னா, மொளெ பொரொது. துணியெ எடுங்கோ."

உச்சரிப்பு கோணலாக இருந்தது. மழை வருது, துணியை எடுங்கோ: சொற்கள் அவளுடையவை. என்னை 'ஏன்னா' என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். பால்கனிக்குப் போனேன். ஏரிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கொடியில் கிடந்த ஏழு துணிகளையும் எடுத்து உள்ளே போட்ட பிறகுதான் முன்னறையை எட்டிப் பார்க்கத் தைரியம் வந்தது.

கீழ் வீட்டுக் குழந்தைதான் இருந்தாள். வங்காளிப் பெண், ஒன்றாம் வகுப்பு, தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அம்மா ஆபீசிலிருந்து வரும்வரை எங்கள் வீட்டில் இருப்பாள். எழுத்துக் கூட்டப் புதிதாகக் கற்றிருந்ததால் மருந்துப் பெட்டி, பிஸ்கட் உறை என்று எதையும் விடமாட்டாள். அன்று தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்க வங்காள எழுத்து.

என் மனைவி இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கையெழுத்து மட்டும் போடுவாள் என்றுதான் ஐம்பத்தொரு வருஷம் நினைத்திருந்தேன். பிற்பகல்களில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் போய் வருவாள். தையல் கற்கிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கற்றது எழுத்து. அங்கே கிடைத்தது வங்காள எழுத்து, அவளுக்கு இருந்தது தமிழ். அன்றன்று வீட்டில் பேசியதை அந்த எழுத்தில் எழுதி எழுதிப் பழகியிருக்கிறாள். வங்காளிகள் உச்சரிக்கிற வழக்கப்படி, 'அ' வர வேண்டிய இடத்திலெல்லாம் குழந்தையின் வாயில் 'ஒ' வந்தது. 'வ' எல்லாம் 'ப' ஆயிற்று.

நான் பட்டதாரி. வேலைக்கு வந்து தங்கிவிட்ட இந்த வங்காள ஊரில் வங்காளியில் சண்டைகூடப் போடுவேன். படிக்க மட்டும் தெரியாது. ஆபீசில் இங்கிலீஷ் போதும், பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறினால் போதும்.

என்னைச் சித்தப்பா முறை வைத்து 'காக்கு' என்று கூப்பிடும் குழந்தையின் அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "காக்கு, இது பாங்லாவே இல்லை, யாரோ சும்மா கிறுக்கியிருக்காங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அர்த்தத்தைத் தேடுகிறார், கிடைக்காவிட்டால் மூடிவிடுகிறார். எழுத்துக் கூட்டுகிறவள்தான் இருப்பதை இருந்தபடி படிக்கிறாள்.

நோட்டு நாற்பத்தாறு பக்கம். தினம் ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். அந்தச் சின்ன வாயிலிருந்து, அதற்கு ஒன்றும் புரியாமலே, என் மனைவி முணுமுணுத்தாள், அலுத்துக்கொண்டாள், காப்பி ஆறுகிறது என்றாள். நான் குழந்தையிருக்கும் மெஷின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஆறாம் நாள் குழந்தை நிமிர்ந்து வங்காளியில் கேட்டாள். அவளுக்கு நான் 'தாது', தாத்தா. "தாது, ஏன்னா யாரு? பக்கத்துக்குப் பக்கம் முதல்ல அந்தப் பேர்தான், கூப்பிடறாங்க போல."

"ஒரு ஆள்."

"வரவே மாட்டானா? காது கேக்காதா?"

"படி," என்றேன்.

பத்தொன்பதாம் பக்கத்தில் இது வந்தது: "ஏன்னா, எழுத்து சொல்லிக் குடுங்கோன்னு ஒம்போதாவது தடவை கேட்டுட்டேன். இந்த வயசுல எதுக்குன்னுட்டேள்." குழந்தை சொன்னது கோணலாகத்தான், எனக்கு நேராகவே கேட்டது. அவள் கேட்டது மூன்று தடவை என்று வைத்திருந்தேன். என் கணக்கு எதிலும் தவறியதில்லை. அன்றிரவு வேறு என்னவெல்லாம் தப்பாக எண்ணியிருப்பேன் என்று தூக்கம் வரவில்லை.

அதற்குள் வேறு கவலை வந்தது. குழந்தை திக்கித் திக்கிப் படிக்கிறாள் என்று பள்ளியில் குறை சொன்னார்களாம். அவள் அம்மா தினமும் உட்கார வைத்து வேகமாகப் படிக்கப் பழக்கினாள். "இப்ப எவ்வளவோ தேவலை காக்கு, ஒரு பார்வையில வார்த்தையைப் பிடிச்சுடறா," என்று பூரித்தாள். நல்லது என்றேன். மனதுக்குள் மிச்சப் பக்கங்களை எண்ணினேன்.

முப்பதைத் தாண்டியதும் தெரிந்துவிட்டது. குழந்தை தமிழ்ச் சொல்லின் முதல் இரண்டெழுத்தைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த வங்காளச் சொல் ஒன்றைச் சொல்லிவிடுவாள். "மெதுவா, ஒவ்வொரு எழுத்தா," என்று கெஞ்சினேன். "அது சின்னப் பிள்ளைங்க படிக்கிறது, தாது." நாற்பத்துநாலாம் பக்கத்தில் என் மனைவியின் குரல் நின்றது. வந்ததெல்லாம் மீன், படகு, மாமா வீடு. குழந்தை சிரித்துக்கொண்டே நோட்டை மூடினாள்.

மூன்று பக்கம் பாக்கி. கிறுக்கல் என்றவரிடம் மறுபடி கொடுக்க மனம் வரவில்லை. குழந்தை ஒதுக்கிவிட்ட பழைய வங்காள அரிச்சுவடியைக் கேட்டு வாங்கினேன். எழுபத்தெட்டு வயதில், கதவைச் சாத்திக்கொண்டு, படத்தையும் எழுத்தையும் பொருத்திப் பார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. நாற்பத்துநாலாம் பக்கத்து முதல் வரியை நேற்றுக் காலை பத்து மணிக்குத் தொடங்கி, பதினொன்றே காலுக்கு முடித்தேன். அந்த எழுத்தில் நான் படித்த முதல் வாக்கியம். வாய்விட்டே படித்தேன்.

"இதை அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

அதுவரை ஒவ்வொரு பக்கமும் என்னைக் கூப்பிட்டுத்தான் தொடங்கியது. இதில் அந்த அழைப்பு இல்லை. யாரிடம் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் நான் மட்டும்தான்.

ஐம்பத்தெட்டு வரி மிச்சம். மூடி வைத்துவிடலாம் என்று நோட்டை இழுப்பறைவரை கொண்டுபோனேன். இன்று காலை மறுபடி மேஜைமேல் விரித்திருக்கிறேன். இரண்டாவது வரியில் முதல் நான்கு எழுத்துகள் எனக்குத் தெரிந்தவை. ஐந்தாவதை அரிச்சுவடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.