சமமாக வந்த இருவர்

மாடியில் குடியிருக்கும் பெண் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறாள். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொல்லங்கோட்டுக் காற்றில் அவள் குரல் தடையில்லாமல் இறங்கி வரும். நேற்று போனில் யாரிடமோ, "ட்ரீசெட்ல போட்டுட்டீங்கன்னா தானா வரிசையா நின்னுக்குமுங்க, நாம அடுக்க வேண்டியதில்லீங்க" என்றாள். என் கையில் பால் விடாத கட்டன்சாயா. அந்தச் சொல்லும் தேயிலை வாசமும் சேர்ந்து வந்ததும், ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும், வயிறு எரிந்தது. வீட்டில் நெஞ்செரிச்சல் என்று சொல்லிவைத்தேன்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகம். கணினி வந்த புதிது. நானும் ஸ்டீபனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் ஜாவா என்ற கணினி மொழி படித்தவர்கள். தோட்டத்து மேலாளரை அங்கே துரை என்றுதான் சொல்வோம். கணினிப் பிரிவுக்குத் துரை ஒரு பொறுப்பாளரை நியமிக்கப் போகிறார் என்று பேச்சு. ஒரு நாற்காலி, நாங்கள் இரண்டு பேர்.

கொழுந்து எடுக்கும் பெண்களில் அன்றைக்கு அதிக எடை கொண்டுவந்த ஐந்து பேரின் பெயரைச் சாயங்காலம் பலகையில் எழுதுவது வழக்கம். எடைச்சீட்டுகளை மேசையில் பரப்பி நான்தான் அடுக்குவேன். நிதானமான, அழகான வேலை. ஸ்டீபன் அதற்கு ஒரு நிரல் எழுதினான். ஜாவாவில் ட்ரீசெட் என்று தானே வரிசைப்படுத்திக்கொள்ளும் ஒரு பட்டியல் உண்டு. அதில் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொருவரும் எடைக்குத் தகுந்த இடத்தில் போய் நின்றுகொள்வார்கள். ஒரே ஆளை இருமுறை சேர்த்தால் ஏற்காது. துரை அவன் தோளைத் தட்டினார். அந்தத் தோள் எவ்வளவு அகலம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஒரு சாயங்காலம் கொழுந்துக்காரி ஞானம்மாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "ஏன் சார், நானும் பாக்கியமும் ஒரே எடை. அவ பேரு மொதல்ல இருக்கு, எம் பேரு எங்க? நான் என்ன காத்தையா பறிச்சேன்?"

ஸ்டீபன் எடையை மட்டும் ஒப்பிடச் சொல்லியிருந்தான். எடை ஒன்றானால் ஆளும் ஒன்று என்று ட்ரீசெட் முடிவுகட்டிவிடும். முதலில் வந்தவர் நிற்பார், அடுத்தவரை உள்ளே விடாது. பிழைச் செய்தி என்று ஒரு வரிகூட வராது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"நான் கையால அடுக்கறப்ப இப்படி ஆச்சா, ஞானம்மா?" என்றேன்.

"நீங்க அடுக்கி முடிக்கையில நாங்க லயத்துக்குப் போயி ஒறங்கிருப்போம் சார்."

ஸ்டீபன் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, சட்டமெல்லாம் ஒங்களுக்குத்தான் அத்துப்படி. ரெண்டு பேரு சமமா வந்தா யார முன்னால வைக்கணும்?"

விதி கேட்டால் எனக்கு வாய் நிற்காது. "பணிமூப்புல பாக்கற மாதிரிதான். சமம்னா, வயசுல மூத்தவங்க முன்னால." நான் ஸ்டீபனைவிடச் சில மாதங்கள் மூத்தவன். துரையின் அறைக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன்.

அப்படியே எழுதினான். பிறந்த தேதியும் ஒன்றானால் மறுபடி ஒருவர் விடுபடக் கூடாதென்று, பதிவு எண்ணை மூன்றாவதாக அவனாகவே சேர்த்தான். வயது தெரியாத எல்லாருக்கும் பழைய குமாஸ்தா ஒரே பிறந்த தேதியைப் போட்டுவைத்திருந்தது, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வயதில் மூத்த ஞானம்மாள் பெயர் பாக்கியத்துக்கு மேலே ஏறியது. "நல்லாருப்பப்பா" என்று அவனை வாழ்த்திவிட்டுப் போனாள். வாழ்த்து உடனே பலித்தது. நாற்காலி அவனுக்குப் போயிற்று. துரை யாருடைய பிறந்த தேதியையும் பார்க்கவில்லை.

இன்று காலை பொறுக்க முடியாமல் மாடியேறி அந்தப் பெண்ணிடம், "ரெண்டு சமமா வந்தா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"ஐடி நம்பர வெச்சும் ஒப்பிட்டிருக்கேனுங்க அங்கிள். அதெல்லாம் மொத வாரத்துலயே சொல்லிக் குடுத்துருவாங்க."

இறங்கி வந்தேன்.

தோட்டத்தில் அந்தப் பலகை இப்போது இல்லை. எடை அவரவர் போனுக்கே வந்துவிடுகிறதாம். ஞானம்மாளின் லயத்தில் வடக்கிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீபன் வெளிநாட்டில், மகள் வீட்டில். அந்த நிரலையும் எப்போதோ அழித்துவிட்டார்கள். ஓடிய காலம்வரை, சமமாக வந்தவர்களில் மூத்தவரை அது முன்னால் நிறுத்தியது. அந்தத் தோட்டத்தில் என் விதியை மதித்தது அது ஒன்றுதான்.