என் நம்பர் எழுதிய பேட்டரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு போன் அடித்தது. எடுத்தால், தேவராஜ் அண்ணாச்சி.

எங்கள் தெருமுனையில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பதினெட்டு வருடப் பழக்கம். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குக் கிளம்புகிற மனிதர் எனக்கு எதற்கு போன் செய்கிறார்?

"வே, வண்டி நின்னுட்டு வே. தேவர்குளம் தாண்டி நிக்கோம். செல்ப் எடுக்க மாட்டேங்கு. டக்கு டக்குன்னு சத்தம் மட்டுந்தான் வருது. பிள்ளைக்கு ஒம்பது மணிக்கு கேட்ட அடைச்சிருவான் வே..."

பிள்ளை என்றது அவர் மகள் ஸ்டெல்லாவை. அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு அன்றைக்கு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை, மீதி நேரமெல்லாம் படிப்பு என்று ஆறு வருடமாக முட்டி மோதுகிற பெண். இரண்டு முறை ஒன்றிரண்டு மார்க்கில் போனது. அந்த வேலைக்கு வயது வரம்பு இருக்கிறது. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது அவள் அதைத் தாண்டியிருப்பாள். ஆக, இதுதான் கடைசி.

"எந்த வண்டி வந்தாலும் கைய காட்டி பிள்ளைய ஏத்தி விடுங்க அண்ணாச்சி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

என் காரை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலைத் தாண்டும்போது எனக்குள் ஓடியது ஒரே கேள்விதான். அவர் காரைப் பார்த்த மெக்கானிக்கை அவருக்குக் கைகாட்டியது யார்?

நான்தான்.

பெயர் பரமு. ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப். நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய அண்ணாச்சி. உட்கார பிளாஸ்டிக் நாற்காலி, குடிக்க டீ. போன வருடம் என் கார் சில காலைகளில் கிளம்ப மறுத்தபோது அவனிடம்தான் போனேன். டேப்லெட் மாதிரி ஒரு கருவியை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் சொருகினான். திரையில் சிவப்பாக நாலு வரி வந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி... ஸ்கேனரே சொல்லிட்டு. பேட்டரி அவுட்டு."

ஸ்கேனர் என்ன சொல்லியது? எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் காட்டும்போது நாம் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினேன். பேட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லையே என்று முனகினேன். "இப்பம் வாரதெல்லாம் அப்படித்தான் அண்ணாச்சி" என்றான். புதுசு போட்டான். வண்டி கிளம்பியது. பழையதை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

டயர் பஞ்சர் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயில் ஒழுகினால் தரை சொல்லும். ஆனால் கரன்ட்? அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தெரியாத இடத்தில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர்தான் நிபுணர். நம் ஊரில் இது கார் விஷயத்தில் மட்டுமா நடக்கிறது?

நான்கு மாதம் கழித்து தேவராஜ் அண்ணாச்சியின் காருக்கும் அதே மாதிரி கோளாறு. ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. ஹெட்லைட் திடீரென்று மங்கும். "பரமுட்ட விடுங்க, தங்கமான பையன்" என்றேன். விட்டார். முதலில் இன்ஜினைக் கிளப்பும் செல்ப் மோட்டாரை மாற்றினான். சரியாகவில்லை. பிறகு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றினான். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடி பழைய குருடி. கடைசியாகப் புது பேட்டரி. அதற்கு மூன்று மாதம்தான் ஆகிறது.

ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி என்னிடம்தான் வந்து கேட்பார். "நல்லா பாப்பானாவே?" "பாப்பான் அண்ணாச்சி" என்பேன். தெரிந்து சொன்னேனா? இல்லை. சொல்லிவிட்டேன், அதனால் மறுபடியும் சொன்னேன்.

நான் போய்ச் சேரும்போது எட்டு இருபத்தைந்து. ரோட்டோரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாச்சி தனியாக நின்றார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளை வேட்டி சட்டை. கை முழுக்க கிரீஸ்.

"இப்பந்தான் ஒரு எலுமிச்சங்கா வண்டில ஏத்தி விட்டேன். அஞ்சு நிமிசம் ஆவுது. பஸ்ஸு ரெண்டு போச்சு, நிக்கல. போயிருவால்லாவே?"

"போயிரும் அண்ணாச்சி."

இன்னொரு முறை தெரியாமல் சொன்னேன்.

ஆறு மணிக்கே கிளம்பியிருக்கிறார்கள். பனவடலிச்சத்திரத்தில் முதல் தடவை நின்றிருக்கிறது. டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிவிட்டு, எப்படியோ உயிர் வந்து, தேவர்குளத்தைத் தாண்டியதும் சுத்தமாகப் போய்விட்டது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி தகரக் கொட்டகையில் டிராக்டர்களுக்கு செல்ப் மோட்டார், வயரிங் வேலை பார்க்கும் ஒருவர் இருப்பதாக பைக்கில் வந்தவர் சொன்னார். போய் அழைத்து வந்தேன். சுடலைமுத்து. ஐம்பது வயதுக்காரர். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சின்ன மீட்டரையும், சார்ஜ் கொடுக்கும் தடித்த வயர் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏறினார். ஸ்கேனர் இல்லை. நாற்காலி இல்லை. அண்ணாச்சி என்றுகூட ஒரு முறைதான் சொன்னார்.

என் காரை எதிரே நிறுத்தச் சொன்னார். என் பேட்டரியிலிருந்து அண்ணாச்சியின் பேட்டரிக்கு சிவப்பு வயர், கறுப்பு வயர் இரண்டையும் மாட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். டக்... டக்... அவ்வளவுதான்.

சுடலைமுத்து ஒரு நொடி யோசித்தார். அண்ணாச்சியின் பேட்டரியில் மாட்டிய கறுப்பு வயரை மட்டும் கழற்றி, நேராக இன்ஜின் இரும்பில் கவ்வ விட்டார்.

"இப்பம் திருப்புங்க."

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பேட்டரி, மோட்டாரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "எர்த்துதான் இல்ல. கரன்ட்டு போனா திரும்பி வர வழி வேணும்லா? அந்த வழி அடைஞ்சு கெடக்கு. சார்ஜும் ஏறிருக்காது."

கையை உள்ளே விட்டு, பேட்டரிக்கு அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஒரு வயரின் முனையைக் காட்டினார். போல்ட் துருப்பிடித்து, லூஸாக ஆடிக்கொண்டிருந்தது. மணல் தாள் போட்டுத் தேய்த்தார். முடுக்கினார். பத்து நிமிடம். ஏழெட்டு மாதமாக மூன்று உறுப்புகளை மாற்றியும் தீராத நோய்க்குப் பத்தே நிமிடம்!

"மூணையும் கழட்டி மாட்டுனவன் இத பாக்காமலா இருந்தான்?" என்று கேட்டேன்.

"பாத்தா வேல முடிஞ்சிரும்லா" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான் இருந்தது.

பேட்டரி எப்போது போட்டது என்று பார்ப்பதற்காக சுடலைமுத்து அதன் தலையைத் துணியால் துடைத்தார். மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றதைப் பிடித்து இழுத்தார். அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு வண்டி நம்பர் எழுதியிருந்தது. வாரன்டிக்காக பேட்டரிக் கடையில் எழுதுவார்கள் இல்லையா, அதுதான்.

"இது புதுசு இல்லிய. வேற வண்டில கெடந்ததுல்லா" என்று சொல்லி, நம்பரை உரக்க வாசித்தார்.

அது என் கார் நம்பர்.

என் கார் எதிரே, முகத்துக்கு நேராக நிற்கிறது. தேவராஜ் அண்ணாச்சி பேட்டரியைப் பார்த்தார். என் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, சத்தியமா எனக்கு இது..." என்று ஆரம்பித்தேன்.

"பிள்ளைட்ட இருந்து போன் வருதான்னு பாப்பம்" என்றார்.

ஒன்பதேகாலுக்கு வந்தது. எலுமிச்சை வண்டி ஜங்ஷனில் இறக்கிவிட, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, கேட் முன்னால் இறங்கும்போது ஒன்பது பத்து. பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். ரூல்ஸ் அம்மா, ஒண்ணும் செய்ய முடியாது. "நான் பஸ்ல வாரேன்ப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அழவில்லை என்றார் அண்ணாச்சி. அழுதிருக்கலாம்.

திங்கள்கிழமை காலை பரமுவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நேர்மையாகச் சொல்கிறேன், ஸ்டெல்லாவுக்கு நியாயம் கேட்கப் போகவில்லை. அந்தப் பேட்டரி விவகாரத்தில் எனக்குப் பங்கில்லை என்று அவன் வாயால் சொல்ல வைத்து, அண்ணாச்சியிடம் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போனேன்.

நான்கு பேர் நாற்காலிகளில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். என் பேட்டரி தேவராஜ் அண்ணாச்சி வண்டிக்கு எப்படிப் போனது?

பரமு பதறுவான் என்று நினைத்தேன். ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஓடுத பேட்டரிதான அண்ணாச்சி? தூரயா போட முடியும்?"

"ஓடுத பேட்டரின்னா எனக்கு எதுக்குல அவுட்டுன்ன?"

"ஸ்கேனரு சொல்லிச்சு."

"அந்தப் பிள்ளைக்குப் பரிட்சை போச்சு பரமு. வாழ்க்கையில கடைசிப் பரிட்சை."

"அதுக்கு நான் என்ன செய்ய? அவ்ளோ முக்கியம்னா பஸ்ஸுல போயிருக்கலாம்லா."

எழுந்து நின்று கத்தினேன். போலீஸ், கன்ஸ்யூமர் கோர்ட் என்றெல்லாம் சொன்னேன். "பில்லு வச்சிருக்கியளா அண்ணாச்சி?" என்றான். இல்லை. பில் வேண்டுமென்றால் வரி சேரும் என்று அவன் சொன்னபோது, வேண்டாம் என்று சொன்னது நானும் அண்ணாச்சியும்தான்.

பிறகு என் பக்கமாக நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வருசமா உங்க வண்டிக்கு ஆயில் மாத்துதேன், வாட்டர் வாஷ் அடிக்கேன், கூலின்னு ஒரு ரூவா வாங்குனேனா? எதுக்குன்னு நெனச்சீய? உங்க மொகத்துக்கா? நீங்க எத்தன வண்டி அனுப்பி இருக்கீய! அதுக்குத்தான்லா. இப்பம் வந்து பெரிய மனுசன் மாதிரி சத்தம் போடுதீய."

ஆறு வண்டிகள். மனதுக்குள் வரிசையாக நினைவு வந்தது. அலுவலகத்தில் இரண்டு பேர், என் மச்சினன், ராயகிரியிலிருந்து வரும் ஒரு நண்பர், பல் டாக்டர், தேவராஜ் அண்ணாச்சி. அத்தனை பேரிடமும் "தங்கமான பையன்" என்றிருக்கிறேன்.

நாற்காலியில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவையும் கேட்டவர்கள் இல்லையா? வண்டியை எடுத்துக்கொண்டு ஒருவராவது கிளம்புவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் எழுந்தார். "சார், முடிஞ்சிட்டுன்னா கொஞ்சம் தள்ளி நிக்கீயளா? என் வண்டி ஸ்கேனர்ல இருக்கு" என்றார்.

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடையில் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் ஸ்டெல்லா நின்றாள். யாரோ ஒரு பையனின் ஹால் டிக்கெட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ தேர்வு. "போட்டோ தெளிவா இல்ல, கலர்ல எடுத்துக்கோங்க" என்று அவனுக்குச் சொன்னாள். என்னைப் பார்த்து எப்போதும் போல, "வாங்க மாமா" என்றாள். அந்த 'வாங்க மாமா'வைத் தாங்கிக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை.

அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் பேட்டரியை அவன் ஏமாற்றி எடுத்ததை, ஸ்டிக்கர் ஒட்டி அவருக்கு விற்றதை, அவன் சொன்ன பதிலை. பிறகு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய அந்த இலவச ஆயில் சர்வீஸையும் சொன்னேன். சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் ஒரு நோட்டுக் கட்டின் சணலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி இப்பம் நல்லா ஓடுது" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஒரு வருசமா சும்மா செஞ்சு குடுத்தானே... ஏன்டா எனக்கு மட்டும் சும்மா செய்தன்னு ஒரு தடவகூடக் கேக்கத் தோணலியாவே?"

"தோணல அண்ணாச்சி" என்றேன்.

அதுவும் பொய். தோன்றியது. கேட்டால் நின்றுவிடுமே என்றுதான் கேட்கவில்லை.